77 இலக்க எண்களைக் கணினி கூட்டுவது எப்படி?

பம்பாயில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் 1960-இல் இயங்கத் தொடங்கிய டிஃப்ராக் கணினியின் ஒரு நினைவக அறை 40 பிட்டுகளையே ஏற்றது. இன்றைய கணினியின் 64 பிட் அறையோ 20 இலக்கங்களுக்கு மேல் கொள்ளாது.

பின் எவ்வாறு? பம்பாயின் மாதுங்காவிலிருந்து அலுவலகம் செல்லும் நான்கடுக்கு டிபன் காரியரை நினைத்துக்கொள்ளுங்கள்: நான்கு அறைகளை அவ்வண்ணமே அடுக்கி, கீழ்த்தட்டில் தொடங்கிக் கூட்டி, கொள்ளாத மிகுதியை அடுத்த தட்டுக்கு ஏற்றுகிறது, இதற்கெனவே எழுதப்பட்ட நிரல் நூலகம். தட்டுகளின் எண்ணிக்கை முன்னரே நிச்சயிக்கப்பட்டிருப்பதால், கணக்குக்குக் கணக்கு நினைவகத்தில் புதிய இடம் தேடும் சிரமமில்லை. வேகத்தின் ரகசியம் அதுவே.

மேல்தட்டும் வழிந்தால்? மிகுதியை மௌனமாகக் கொட்டிவிடும் நூலகங்களும் உண்டு. சிறுத்துப்போன விடை பார்வைக்குச் சரியாகவே தோன்றுமாதலால், பிழையென அறிவித்து நின்றுவிடும் நூலகத்தையே நான் விரும்புவேன்.