ரஷ்ய ஓட்டலில் நம்மவர் என்ன சாப்பிடலாம்?

ரஷ்யாவில் மருத்துவம் படிக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போகிற நம் குடும்பங்கள், பருப்புப் பொடியும் ஊறுகாயும் அவலும் பெட்டியில் நிரப்பிக்கொண்டு போய், தங்கும் அறையிலேயே பொழுதை ஓட்டிவிட்டுத் திரும்புவதைப் பார்க்கிறேன். அங்கே இறைச்சியும் வோட்காவும் தவிர வேறொன்றும் கிடையாது என்ற பயம்தான் காரணம். என் மகன் மாஸ்கோவில் வேலை பார்த்த காலத்தில் நானும் மனைவியும் இருமுறை போய்த் தங்கினோம். இருவரும் சுத்த சைவம். பட்டினி கிடக்கவில்லை.

முதலில் ஓட்டலின் நடைமுறை. நுழைந்ததும் மேல்கோட்டைக் கழற்றி அதற்கென உள்ள அறையில் கொடுத்து, எண் போட்ட வில்லையை வாங்கிக்கொள்ள வேண்டும். கோட்டோடு மேசைக்குப் போவது மரியாதையில்லை. மெனு அட்டையில் ஒவ்வொரு பண்டத்தின் எடையும் கிராம் கணக்கில் இருக்கும். இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தது. நான்கு பேருக்கு எவ்வளவு சொல்ல வேண்டும் என்பது கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடிய கணக்காகிவிடுகிறது.

நம் இலையில் எல்லாம் ஒரே நேரத்தில் விழும். அங்கே வரிசை உண்டு. முதலில் 'ஸகூஸ்கி' என்னும் குளிர்ந்த தொடுகறிகள். அப்புறம் 'முதலாவது', அதாவது சூப். பிறகு 'இரண்டாவது', அதுதான் முக்கிய உணவு. ஒன்றன்பின் ஒன்றாகப் பரிமாறும் இந்த முறை 19-ஆம் நூற்றாண்டில் ரஷ்யாவிலிருந்துதான் பிரான்சுக்குப் போனது. அதற்கு முன்பு பிரெஞ்சுக்காரர்களும் நம்மைப் போல எல்லாவற்றையும் ஒருசேரப் பரப்பி வைத்தவர்களே.

ஏமாறக்கூடிய இடங்கள் இரண்டு. நம் ஊர் கிளப்புகளில் 'ரஷ்யன் சாலட்' என்று காய்கறி மட்டும் போட்டுத் தருகிறார்களே, அது 1860-களில் மாஸ்கோவின் ஹெர்மிடாஜ் உணவகத்தில் ஒலிவியே என்ற சமையற்காரர் செய்த பண்டத்தின் வாரிசு. அங்கே அதன் பெயரே 'ஒலிவியே'. அதில் பெரும்பாலும் இறைச்சி கலந்திருக்கும். அதற்குப் பதில் 'வினிக்ரெத்' கேளுங்கள். பீட்ரூட், உருளைக்கிழங்கு, காரட், உப்பில் ஊறிய வெள்ளரி, சூரியகாந்தி எண்ணெய், அவ்வளவுதான்.

இரண்டாவது, சூப். ஓர் ஓட்டலில் பீட்ரூட் போட்ட போர்ஷ் கேட்டு, "இறைச்சி இல்லையே?" என்றும் கேட்டோம். இல்லை என்றார் பரிமாறியவர். வந்த கிண்ணத்தை முகர்ந்து பார்த்ததுமே என் மனைவி நகர்த்தி வைத்துவிட்டாள். துண்டு இல்லை, ஆனால் இறைச்சி வெந்த நீர் அது! அவர் பொய் சொல்லவில்லை. அவர் கணக்கில் துண்டு இருந்தால்தான் இறைச்சி. ஆகவே 'புல்யோன்' எதனால் ஆனது என்று கேட்க வேண்டும். (போர்ஷ் உண்மையில் உக்ரேனியர் சொத்து. 2022-ல் யுனெஸ்கோவும் உக்ரேனிய போர்ஷ் சமையலைத் தன் பட்டியலில் சேர்த்தது.)

இதற்கெல்லாம் மருந்தாக ஒரே ஒரு சொல்லை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: 'போஸ்னயே'. விரதச் சாப்பாடு என்று பொருள். ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் திருச்சபையில் புதன், வெள்ளி, ஈஸ்டருக்கு முந்தைய ஏழு வாரம், இன்னும் மூன்று நீண்ட விரதங்கள் என்று ஆண்டில் ஏறக்குறைய 200 நாள் விரத நாட்கள். இறைச்சி, முட்டை, பால் மூன்றும் விலக்கு. எல்லோரும் கடைப்பிடிப்பதில்லை என்றாலும் சமையல் முறை நிலைத்துவிட்டது. பிப்ரவரி, மார்ச் வாக்கில் தொடங்கும் பெரிய விரதத்தின்போது பல ஓட்டல்களில் இதற்கென்று தனி மெனுவே அச்சடித்து வைப்பார்கள். மீன் மட்டும் சில நாட்களில் அனுமதி உண்டு. அதை மறக்காமல் கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்த மெனுவில் கிடைப்பவை காளான் சூப், புளித்த முட்டைக்கோஸ், வெங்காயமும் காளானும் சேர்த்த 'க்ரேச்கா' முதலியன. க்ரேச்கா வேறொன்றுமில்லை. இங்கே வடக்கத்தியர் நவராத்திரி விரதத்தில் மாவாக்கித் தின்னும் குட்டுதான். (நம் கூட்டு அல்ல!) அங்கே முழுத் தானியமாக வறுத்து, சோறு போல உதிரியாக வேகவைப்பார்கள். இரண்டு மதங்கள், இரண்டு தேசங்கள், விரதத்துக்கு ஒரே தானியம்.

காரம் மட்டும் எதிர்பார்க்காதீர்கள். எதன்மேலும் சதகுப்பைத் தழையைத் தூவுவார்கள். பிள்ளை பெற்றவளுக்கு நாம் கொடுக்கும் மருந்துச் சரக்கின் தழை அது. இரண்டு நாளில் நாக்குப் பழகிவிடும். பரதீன்ஸ்கி என்னும் கருப்புக் கம்பு ரொட்டியில் தனியா வாசனை அடிக்கும். நம் கம்பு அல்ல, 'ரை' என்னும் தானியம்.

பணம் ரொக்கமாக வைத்திருங்கள். 2022 மார்ச்சில் விசாவும் மாஸ்டர்கார்டும் ரஷ்யாவில் சேவையை நிறுத்திய பிறகு, நம் வங்கிகள் கொடுக்கும் அந்த அட்டைகள் அங்கே பயன்படவில்லை.

கடைசியாகத் தேநீர். சமோவார் என்பது நடுவில் கரிக்குழாய், சுற்றிலும் தண்ணீர் கொண்ட ஒரு சிறு பாய்லர். தேயிலையை அதில் போடுவதில்லை. தனிக் குடுவையில் கெட்டியாக இறக்கிய சாற்றைக் கொஞ்சம் ஊற்றி, சமோவார் வெந்நீரால் நீர்க்கவிடுவார்கள். நம் வீட்டு டிகாக்ஷன் தத்துவமேதான். ரயில்களில் கண்ணாடித் தம்ளரை ஓர் உலோகத் தாங்கியில் வைத்துத் தருவார்கள். வண்டி ஆடினாலும் தம்ளர் சாயாது, கையும் சுடாது. பால் தானாக வராது. 'மலகோ' என்று கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.