கண்டுபிடித்தவருக்குப் பெயர், நிறுவனத்துக்கு உரிமை

புது தில்லி: திரைப்படப் பாடலாசிரியருக்குச் சட்டம் அளித்துள்ள பாதுகாப்பு, ஆய்வுக்கூடத்தில் புதிய மருந்தைக் கண்டறியும் ஊழியருக்கு இன்றுவரை கிடைக்கவில்லை.

பதிப்புரிமைச் சட்டத்தை 2012-இல் நாடாளுமன்றம் திருத்தியது. பாடலை எழுதியவரும் இசையமைத்தவரும் திரையரங்குக்கு வெளியே அப்பாடல் பயன்படும்போது உரிய ராயல்டி பெறலாம். அவ்வுரிமையைத் தயாரிப்பாளருக்கு எழுதிக் கொடுத்தாலும் செல்லாது. மாநிலங்களவை உறுப்பினராக இருந்த கவிஞர் ஜாவேத் அக்தர் இதற்காக அவையில் வாதாடினார்.

ஆனால், பிற ஊழியர்களுக்கு அதே சட்டத்தின் 17-ஆவது பிரிவுதான் பொருந்தும். வேறு உடன்பாடு இல்லாவிடில், பணியின்போது உருவாகும் படைப்புக்கு நிறுவனமே முதல் உரிமையாளர். கணினி மென்பொருளும் இதில் அடங்கும்.

பேட்டன்ட் எனப்படும் கண்டுபிடிப்புக் காப்புரிமையை முறைப்படுத்தும் 1970-ஆம் ஆண்டுச் சட்டம் சற்று வேறுபட்டது. உண்மையான முதல் கண்டுபிடிப்பாளரோ, அவரிடம் உரிமை பெற்றவரோதான் விண்ணப்பிக்க முடியும். ஊழியருக்குச் சாதகம்போலத் தோன்றும் இந்த விதியால் நடைமுறையில் பெரும் பயன் இல்லை. இனிமேல் கண்டுபிடிக்கப் போவதையும் சேர்த்து, வேலையில் சேரும்போதே நிறுவனங்கள் எழுதி வாங்கிக்கொள்கின்றன. காப்புரிமை ஆவணத்தில் ஊழியரின் பெயர் இடம்பெறலாம். அதனால் மட்டும் எந்த உரிமையும் வந்துவிடாது என்கிறது 28-ஆவது பிரிவு. தனி ஊதியம் குறித்துச் சட்டத்தில் ஒரு வரிகூட இல்லை.

ஜெர்மனியில் 1957-ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஊழியரின் கண்டுபிடிப்பை எடுத்துக்கொள்ளும் நிறுவனம் அவருக்கு நியாயமான தொகை தந்தாக வேண்டும். வேலை ஒப்பந்தத்தால் அதை முன்கூட்டியே பறிக்க இயலாது. ஜப்பானில் நீலநிற எல்இடி விளக்கை உருவாக்கிய ஷுஜி நகமுரா, நிறுவனம் தனக்கு அளித்தது 20 ஆயிரம் யென் மட்டுமே என்று வழக்குத் தொடுத்தார். 2,000 கோடி யென் வழங்குமாறு டோக்கியோ மாவட்ட நீதிமன்றம் 2004-இல் உத்தரவிட்டது. மறு ஆண்டே சுமார் 84 கோடி யென்னுக்குச் சமரசம் ஏற்பட்டது. 2014-இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது.

இந்தியாவிலும் ஒரு முயற்சி நடந்தது. அரசு நிதியில் உருவாகும் கண்டுபிடிப்புகளின் வருவாயில் குறைந்தது 30 சதவீதத்தைக் கண்டுபிடித்தவருக்கு அளிக்க வகைசெய்யும் மசோதா 2008-இல் மாநிலங்களவையில் அறிமுகமானது. பேராசிரியர்களை வணிகர்களாக்கிவிடும் என்ற எதிர்ப்பு எழுந்தது. மசோதா பின்னர் திரும்பப் பெறப்பட்டது. தனியார் நிறுவன ஊழியர்களைப் பற்றி அதில் பேச்சே இல்லை.

ஊழியர்களுக்குப் பங்குகள் வழங்குகிறோமே என்று நிறுவனங்கள் பதிலளிக்கக்கூடும். இன்ஃபோசிஸ் 1990-களில் தொடங்கிவைத்த அந்த வழக்கம் பலரைச் செல்வந்தராக்கியது உண்மையே. எனினும், பங்கு வழங்குவது நிறுவனத்தின் விருப்பம். ஊழியர் உரிமையாகக் கேட்டுப் பெறக்கூடியது அன்று.

வேலையை விட்டு விலகுபவருக்கு ஒரு பழைய சட்டம் மட்டும் துணை நிற்கிறது. போட்டி நிறுவனத்தில் சேரக் கூடாது என்ற நிபந்தனை, பணி முடிந்த பிறகு, 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆவது பிரிவின்கீழ் செல்லாது. வணிக ரகசியங்களை எடுத்துச் செல்ல முடியாது; கற்ற தொழில்திறனை எங்கும் கொண்டுசெல்லலாம்.