வை-ஃபை இருக்கு... நெட் எங்கே?

செல்போனில் வை-ஃபை கோடுகள் முழுசாகத் தெரிகின்றன. ஆனால், வீடியோ மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கிறது. விண்ணப்பம் அனுப்பக் கடைசி நாளில் இப்படி ஆனால் அழுகையே வந்துவிடும். "வை-ஃபை நல்லாத்தானே இருக்கு, நெட் ஏன் வரலை?" என்று உங்கள் வீட்டிலும் கேட்டிருப்பார்கள்.

வை-ஃபை வேறு, இன்டர்நெட் வேறு குட்டீஸ்! மூலையில் விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கும் அந்தச் சின்னப் பெட்டிக்குள் மோடம், ரவுட்டர் என்று இரண்டு பேர் இருக்கிறார்கள். ஒருவர் படுத்துவிட்டாலும் மற்றவர் பாட்டுக்கு வேலை செய்வார். குழப்பமே அதனால்தான்.

ஒரு சத்திரத்தை நினைத்துக்கொண்டால் இது எளிதில் புரியும். திருநெல்வேலியிலிருந்து சங்கரன்கோவில் போகும் வழியில் பனவடலிசத்திரம் என்று ஓர் ஊர் இருக்கிறது. வடலி என்றால் இளம் பனை. சத்திரம் என்பது அந்தக் காலத்தில் வழிப்போக்கர்கள் தங்கிய இடம். அப்படி ஒரு சத்திரத்தின் வாசலில் ஒருவர் நிற்கிறார். வெளியூர்க்காரர் பேசும் மொழியை உள்ளே இருப்பவர்களுக்குப் புரியும்படி மாற்றிச் சொல்வது அவர் வேலை. அவர்தான் மோடம். உள்ளே ஒரு கணக்குப்பிள்ளை. எந்தச் செய்தி எந்த அறைக்கு என்று பார்த்து அனுப்புகிறார். அவர்தான் ரவுட்டர்.

மொழிமாற்றம் எதற்கு? கம்ப்யூட்டருக்குத் தெரிந்தது 0, 1 இரண்டும்தான். தொலைபேசிக் கம்பியோ மனிதக் குரலுக்காகப் போடப்பட்டது. எனவே 0, 1 இரண்டையும் குரல் போன்ற அலைகளாக மாற்றித்தான் அனுப்ப முடிந்தது. மாற்றுவது மாடுலேட்டர், திரும்ப மாற்றுவது டீமாடுலேட்டர். இரண்டின் தலையையும் ஒட்டினால் மோடம்!

1995 ஆகஸ்ட் 15-ம் தேதி வி.எஸ்.என்.எல். நிறுவனம் இந்தியாவில் பொதுமக்களுக்கு இன்டர்நெட்டைத் திறந்துவிட்டபோது, மோடம்தான் ராஜா. டயல் செய்ததும் "கீ... கர்ர்ர்" என்று கத்தும். அப்பா, அம்மாவிடம் கேளுங்கள், செய்தே காட்டுவார்கள்! நெட் பார்த்து முடிக்கும்வரை வீட்டுக்குப் போன் வராது. ஒரு மோடம், ஒரு கம்ப்யூட்டர் என்பதால் ரவுட்டருக்கு அங்கே வேலையும் இல்லை.

2005 ஜனவரியில் பி.எஸ்.என்.எல். பிராட்பேண்ட் வந்தது. அதே செம்புக் கம்பிதான். ஆனால், குரலுக்குத் தேவைப்படாத உயர்ந்த அதிர்வெண்களில் தகவல் போனதால், பேசிக்கொண்டே நெட்டும் பார்க்க முடிந்தது. இப்போது பல வீடுகளுக்குக் கண்ணாடி இழை வந்துவிட்டது. அதில் தகவல் ஒளியாக வருகிறது. ஒளியை மின்குறிகளாக மாற்றும் பெட்டிக்கு ஓ.என்.டி. என்று பெயர். நாம் இன்னும் மோடம் என்றே கூப்பிடுகிறோம். செய்வது அதே மொழிமாற்ற வேலை, அதனால் தப்பில்லை.

கணக்குப்பிள்ளையிடம் வருவோம். அக்கா போன், தம்பியின் டேப்லெட், டி.வி. எல்லாம் ஒரே நேரத்தில் நெட் கேட்டால்? பழைய முறைப்படி உலகத்துக்கே இருப்பது சுமார் 430 கோடி இன்டர்நெட் முகவரிகள்தான். கருவிகளோ அதைவிட மிக அதிகம். அதனால் ரவுட்டர் வீட்டுக்குள் தானே சின்ன முகவரிகள் கொடுக்கும். போனுக்கு 192.168.1.5, டி.வி.க்கு 192.168.1.6 என்பது போல. பக்கத்து வீட்டிலும் இதே எண்கள் இருக்கலாம். எல்லாத் தெருவிலும் 5-ம் நம்பர் வீடு இருக்கிறதல்லவா, அது மாதிரி! யார் எதைக் கேட்டார்கள் என்று குறித்து வைத்து, பதில் வந்ததும் சரியானவரிடம் சேர்த்துவிடும். தம்பியின் கார்ட்டூன் அக்காவின் ஆன்லைன் பாடத்துக்குள் குதிக்காதது இதனால்தான்.

வை-ஃபை என்பது இந்த ரவுட்டருக்கும் போனுக்கும் நடுவில் உள்ள ரேடியோப் பாலம் மட்டுமே. வெளியே இழை அறுந்தாலும் பாலம் அப்படியே நிற்கும், கோடுகள் முழுசாகத் தெரியும்!

அடுத்த முறை நெட் நின்றால் விளக்குகளைப் பாருங்கள். எல்.ஓ.எஸ். என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால் ஒளி வந்து சேரவில்லை என்று அர்த்தம். பெட்டியைப் பத்து தடவை அணைத்துப் போட்டாலும் அறுந்த இழை ஒட்டாது. கம்பெனிக்குப் போன் செய்யச் சொல்லுங்கள். சிவப்பு இல்லாமல், ஒரு போனில் மட்டும் நெட் வரவில்லையா? கோளாறு வீட்டுக்குள்ளேதான். போனையும் பெட்டியையும் ஒருமுறை அணைத்துப் போட்டாலே பெரும்பாலும் சரியாகிவிடும். இழையின் முனையை மட்டும் கழற்றிக் கண்ணருகே வைத்துப் பார்க்காதீர்கள். அதில் வரும் ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணைப் பாதிக்கலாம்.