தழைத் தீவனத்திற்கு ஏற்ற முருங்கை

முருங்கைத் தழை ஆடு மாடுகளுக்குச் சிறந்த ஆகாரம் என்பது குடியானவர்கள் நெடுநாளாய் அறிந்த விஷயமே. உலர்ந்த இலையில் சுமார் கால் பங்கு புரதச் சத்து உண்டு. ஆயினும் காய்க்குப் பெயர்போன ஜாதியே தழைக்கும் ஏற்றதென்று எண்ணுவது சரியன்று.

மர முருங்கை: யாழ்ப்பாணம், சாவகச்சேரி முதலிய ஜாதிகள் போத்து நட்டு வளர்க்கப்படுபவை. தாய் மரத்தின் குணம் மாறாது; பல ஆண்டுகள் நிலைத்துக் காய்க்கும். ஆனால், போத்திலிருந்து ஆணிவேர் உண்டாவதில்லை. 20 அடிக்கு ஒன்றாக நட்டால் ஏக்கருக்கு 109 மரங்களே நிற்கும். நெருக்கி நடுவதற்கு வேண்டிய அளவு போத்துக் கிடைப்பதும் அரிது. கிளைகள் எளிதில் முறிவதால், மரத்தில் ஏறித் தழை ஒடிப்பது அபாயமாகும்.

செடி முருங்கை: பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி 1989-ஆம் ஆண்டில் வெளியிட்ட பி.கே.எம். 1 விதையினால் பயிராவது, விரைந்து வளரும், வெட்டிய இடத்தில் மீண்டும் துளிர்க்கும். காய்க்காக எட்டேகால் அடி இடைவெளியில் நட்டால் ஏக்கருக்குச் சுமார் 640 செடிகள். விதை கால் கிலோ போதும். தீவனத்திற்கு வரிசைக்கு வரிசை ஓர் அடியும், செடிக்குச் செடி 4 அங்குலமும் விட்டு விதைத்தால் ஒரு லட்சத்து முப்பதாயிரம் செடிகள் நிற்கும். தழை மகசூலின் இரகசியம் மரத்தின் பருமனில் இல்லை. இந்த நெருக்கத்திலேயே உள்ளது.

விதைத்து 85 முதல் 90 நாளில், தரைக்கு ஓர் அடி உயரத்தில் முதல் வெட்டு எடுக்கலாம். பின்னர் 60 நாளைக்கு ஒரு முறை வெட்டலாம். நல்ல எருவும் பாசனமும் இருப்பின், ஏக்கருக்கு வருஷத்தில் 40 டன் வரை பசுந்தழை கிடைக்கும். இவ்விதம் வெட்டும் நிலத்தில் காயை எதிர்பார்க்கலாகாது. நீர் தேங்கும் நிலம் உதவாது. வேர் அழுகிச் செடி மடியும்.

நெருக்கி விதைக்க ஏக்கருக்குச் சுமார் 40 கிலோ விதை வேண்டும், செலவு மிகுதி. பல ஜாதிகள் கலந்து நிற்கும் தோட்டத்து விதை ஒரே குணமாய் வராது. ஆதலால், நம்பகமான இடத்தில் 4 கிலோ விதை வாங்கி, முதலில் 10 சென்ட் நிலத்தில் மட்டும் பயிரிட்டுப் பார்ப்பது உத்தமம்.

வெட்டிய தழையைத் தண்டுடன் நறுக்கி, வைக்கோல் அல்லது சோளத்தட்டையுடன் கலந்து, சிறிது சிறிதாகப் பழக்கவேண்டும். வீட்டுக் காய்க்கு வேலியோரத்தில் மர முருங்கையும், கோடைத் தீவனத்திற்கு வயலில் செடி முருங்கையும் வைத்துக்கொள்வதே இலாபகரமானது.