மாதர் நடந்த வழி

அயலாருடைய நிலத்தின் வழியாக ஒருவன் இருபது வருஷ காலம் பகிரங்கமாகவும், தடையின்றியும், உரிமையென்றே கருதியும் நடந்துவந்தால் அவ்வழிக்கு அவனுக்குப் பாத்தியதை உண்டாகிறது. பின்னர் இருபது வருஷம் யாரும் அதில் நடவாமல் விட்டுவிட்டால் அந்தப் பாத்தியதை அழிந்துபோகிறது. 1882ஆம் வருஷத்து ஈஸ்மெண்ட் சட்டம் வகுத்த விதி இது. நிலத்துக்கு ஏற்பட்ட இவ்விதி ஒரு நகரத்தின் ஞாபகத்துக்கும் பொருந்தும் என்பது நமது அபிப்பிராயம்.

ஸ்காத்லாந்து தேசத்துக் கிளாஸ்கோ நகரில் 1991இல் ஏற்பட்ட மாதர் நூல்நிலையத்தார் இந்த உண்மையை நன்கு உணர்ந்திருக்கின்றனர். தங்கள் நகரத்தின் சரித்திரத்தை ஆக்கிய பெண்கள் வாழ்ந்து உழைத்த இடங்களுக்கு அவர்கள் ஜனங்களைக் கால்நடையாகவே அழைத்துச் சென்று காட்டுகின்றனர். 1915இல், யுத்தத்தைச் சாக்கிட்டு வாடகையை உயர்த்திய வீட்டுச் சொந்தக்காரர்களுக்கு எதிராகத் தெருத்தெருவாகப் பெண்களைத் திரட்டியவர் மேரி பார்பர் அம்மையார். அவ்வருஷ முடிவுக்குள்ளேயே வாடகையைக் கட்டுப்படுத்தும் சட்டம் வந்தது. ஆயினும், அந்த அம்மையாருக்கு அந்நகரில் சிலை எழுந்தது 2018இல்தான். சட்டம் சில வாரங்களில் வந்துவிட்டது. நன்றி வருவதற்கு ஒரு நூற்றாண்டுக்கு மேலாயிற்று.

நமது சென்னையின் நிலை என்ன? 2004 முதல் ஆகஸ்டு மாதத்தில் மெட்ராஸ் தினம் கொண்டாடப்படுகிறது. அச்சமயம் பழைய தெருக்களையும் கட்டடங்களையும் நடந்து பார்க்கும் வழக்கமும் பரவியிருக்கிறது. மாதரின் சரித்திரத்தை அறிய விரும்புவோர் இங்கே அதிக தூரம் அலையவேண்டியதில்லை. கடற்கரைச் சாலையில், ஒரு காலைப்பொழுதுக்குள் நடந்து முடிக்கக்கூடிய தூரத்தில், அது வரிசையாக நிற்கிறது.

முதலில் ராணி மேரி காலேஜ். 1914இல் டாரதி டி லா ஹே அம்மையாரைத் தலைவராகக் கொண்டு தொடங்கிய இதுவே நகரத்தின் முதல் பெண்கள் கலாசாலை. 2003இல் இவ்விடத்தில் புதிய தலைமைச் செயலகம் கட்டுவதென்று அரசாங்கம் தீர்மானித்தது. அதை எதிர்த்து மாணவிகள் கிளர்ச்சி செய்தனர்; திட்டம் கைவிடப்பட்டது. ஆகவே இந்தக் கலாசாலை இன்று நிற்பது யாருடைய தயவாலும் அன்று. அதிற் படித்த பெண்களின் உறுதியால்.

வடக்கே சற்று நடந்தால் ஐஸ் ஹவுஸ் வருகிறது. அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேர்த்து வைக்க 1842இல் கட்டிய இக்கட்டடத்தில் 1897இல் சுவாமி விவேகானந்தர் தங்கினார். இன்று இது அவர் பெயரால் விளங்குகிறது. இது நமக்குப் பெருமையே. ஆனால், அவருக்குப் பின் இவ்வீட்டில் வாழ்ந்தவர்களை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? பால்யத்திலேயே கணவனை இழந்த சகோதரி சுப்புலட்சுமி 1911இல் பி.ஏ. பட்டம் பெற்று, மறு வருஷமே தம்மைப்போன்ற இளம் விதவைகளைச் சேர்த்துப் படிக்க வைக்கலானார். எதிரே வந்தால் அபசகுனம் என்று ஊரார் விலகிச் சென்ற பெண்கள் அவர்கள். எழும்பூரில் தொடங்கிய அந்த இல்லம் சில வருஷங்களில் இந்த வீட்டுக்கு வந்தது. வீட்டு மூலையில் முடங்கிக் கிடக்கவேண்டும் என்று விதிக்கப்பட்டிருந்தவர்கள் இங்கே கடற்காற்றிலே பாடம் படித்து, உபாத்தியாயினிகளாக வெளியேறினார்கள். 1922இல் தொடங்கிய லேடி வில்லிங்டன் பயிற்சிக் கல்லூரிக்கும் சகோதரியே முதல் தலைவர். அவர் பட்டம் பெற்ற பிரஸிடென்ஸி காலேஜும் இதே சாலையில்தான் இருக்கிறது.

அங்கிருந்து திருவல்லிக்கேணிப் பக்கம் திரும்பினால், கோஷா ஆஸ்பத்திரி என்று ஜனங்கள் இன்றும் அழைக்கும் கஸ்தூரிபா காந்தி ஆஸ்பத்திரி. ஆண் வைத்தியர் முன் வரக்கூடாது என்ற வழக்கத்தால் பிரசவத்திலே உயிர்விட்ட பெண்களைக் கண்டு மனம் பொறாத மேரி ஷார்லிப் அம்மையார், 1875இல் சென்னை வைத்தியக் கல்லூரியிற் சேர்ந்தார். சென்னையில் தொழில் நடத்திய ஒரு பாரிஸ்டரின் மனைவி அவர். லண்டனிலும் படித்துத் திரும்பி, 1885இல் இந்த ஸ்தாபனத்தைத் தொடங்கிவைத்தார்.

இவ்விடத்தில் இரண்டு ஆட்சேபங்கள் எழக்கூடும். டி லா ஹேயும் ஷார்லிப்பும் ஆங்கில மாதராயிற்றே, நாம் ஏன் அவர்களைக் கொண்டாட வேண்டும் என்பது ஒன்று. அந்நிய ஆட்சியை நாம் எதிர்த்தது நியாயம். அதனால் நன்றியை மறக்க நியாயம் உண்டாகிவிடாது. இரண்டாவது ஆட்சேபம் கடினமானது. அந்த ஆஸ்பத்திரியின் பழைய பெயரிலேயே சாதி இருந்தது. ஐஸ் ஹவுஸ் இல்லமும் பிராமண விதவைகளுக்கென்றே ஏற்பட்டது. இதை மறைக்க வேண்டாம். தேவதாசிக் குலத்துச் சிறுமிகள் புகலிடம் தேடி வந்தபோது, விடுதிகள் அவர்களைச் சேர்க்க மறுத்ததைக் கண்டே டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அடையாற்றில் ஒளவை இல்லத்தைத் தொடங்கினார். ஒரு கதவு மூடியிருந்தது. இன்னொரு பெண் வேறு கதவைத் திறந்தாள். கதையை முழுவதும் சொன்னால்தான் அந்தக் கதவின் அருமை விளங்கும். வெறும் புகழ்ச்சி சரித்திரமாகாது.

இந்தக் கடற்கரையில் 1968இல், உலகத் தமிழ் மாநாட்டின்போது வைத்த சிலைகளுள் பெண்கள் இருவர்: ஒளவையும் கண்ணகியும். இருவரையும் வணங்குவோம். ஆனால், பழங்காலத்துப் பெண்ணைப் பீடத்தில் ஏற்றுவது சுலபம். அவள் இப்போது நம்மிடம் ஒன்றும் கேட்பதில்லை. நம் பாட்டிமார் காலத்தில் வோட்டுரிமை கேட்டவர்களையும், பள்ளிக்கூடம் கேட்டவர்களையும், 1930இல் உப்புச் சத்தியாக்கிரகத்திற் சிறை சென்ற ருக்மிணி லட்சுமிபதியையும் துர்க்காபாயையும் நினைத்தால், அவர்கள் கேட்டவற்றுள் இன்னும் நாம் கொடுக்காதவை எவை என்ற கேள்வி உடனே எழுகிறது. எழும்பூரிலே ருக்மிணி லட்சுமிபதி பெயரால் ஒரு சாலை இருக்கிறது. தினந்தோறும் அதில் வண்டி ஓட்டிச் செல்வோரில் எத்தனை பேர் அது யார் பெயர் என்று விசாரித்திருப்பார்கள்? பலகை மட்டும் போதாது. நின்று சொல்ல ஒருவர் வேண்டும், கேட்க நால்வர் வேண்டும்.

ஆகவே நாம் வேண்டுவது இதுதான். இத்தகைய நடைகள் ஆங்கிலம் அறிந்த சிலருடைய ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்காக நின்றுவிடாமல் தமிழிலே நடைபெறவேண்டும். கார்ப்பரேஷன் பள்ளிச் சிறுமிகள் வருஷத்துக்கு ஒரு முறையாவது இவ்வழியில் நடக்கவேண்டும். முக்கியமாக, ஆண்கள் கூட வரவேண்டும். பெண்கள் வெளியே நடக்கக்கூடாதென்று விதித்தவர்கள் ஆண்களே. அந்தப் பெண்கள் நடந்து உண்டாக்கிய வழியை அடைபடாமல் காப்பதில் ஆண்களுக்கும் பங்கு உண்டு. மேடைகளில் மாதர் முன்னேற்றம் பேசும் நண்பர்கள், வரும் ஆகஸ்டில் ஒரு காலை தங்கள் பெண்களையும் பேத்திகளையும் அழைத்துக்கொண்டு ராணி மேரி காலேஜ் வாசலுக்கு வந்து சேரட்டும். செலவு ஒன்றுமில்லை, கால்கள் இருந்தாற் போதும்.