காற்றை வளைக்கும் பூமி

பயிர்க்கடன் பெற்று விதையுடன் காத்திருக்கும் உழவர் எதிர்நோக்குவது தென்மேற்குப் பருவக்காற்றை. நாட்டின் ஆண்டு மழையில் ஏறத்தாழ முக்கால் பங்கு அதனால் கிடைப்பதே. ஆயினும் அக்காற்று தென்மேற்கிலிருந்து புறப்படுவதில்லை. நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே, இந்தியப் பெருங்கடலில், அது தென்கிழக்குக் காற்று. கோடையில் காய்ந்த நம் நிலப்பரப்பின்மேல் காற்றழுத்தம் குறைவதால் வடக்கே ஈர்க்கப்படுகிறது. நடுக்கோட்டைக் கடந்தபின் வலப்புறம் வளைந்து, வழக்கமாக ஜூன் 1-ஆம் நாளை ஒட்டிக் கேரளத்தை அடைகிறது.

வளைப்பது பூமியின் சுழற்சி. நிலநடுக்கோட்டில் தரை மணிக்குச் சுமார் 1,670 கிலோமீட்டர் வேகத்தில் கிழக்கே நகர்கிறது. 60 பாகை அட்சரேகையில் அதில் பாதி வேகமே. வடக்கே செல்லும் காற்று தன் பழைய வேகத்தை உடன்கொண்டு செல்வதால், மெதுவாக நகரும் தரையை முந்திக் கிழக்கே சாய்கிறது. தென் அரைக்கோளத்தில் இவ்வளைவு இடப்புறமாக அமையும். இதற்குக் கொரியோலிஸ் விளைவு என்று பெயர். 1835-இல் அந்தப் பிரெஞ்சு அறிஞர் ஆராய்ந்ததோ காற்றை அன்று, சுழலும் எந்திரங்களை!

குளிர்காலத்தில் நிலத்திலிருந்து தெற்கே திரும்பும் காற்றும் இவ்விதிக்கு விலக்கன்று. அதுவும் வலப்புறம், அதாவது மேற்கே, வளைகிறது. வங்கக் கடலின் ஈரத்தை முகந்து தமிழகக் கரைக்கு மழை கொணரும் அதனையே நாம் வடகிழக்குப் பருவக்காற்று என்கிறோம்.