கப்பல் நமது, காப்பு யாருடையது?

கப்பலும் கொடியும் நமதாயினும், இன்ஷ்யூரன்ஸ் பத்திரமில்லாத எண்ணெய்க் கப்பலைத் துறைமுகங்கள் ஏற்பதில்லை. உலகக் கப்பல்களின் மொத்த டன்னேஜில் சுமார் நூற்றுக்கு 90 பங்குக்குப் பொறுப்பேற்கும் 12 சங்கங்களில் இந்தியச் சங்கம் ஒன்றேனும் இல்லை.

2012ம் வருஷம் ஜூலை 1ந் தேதி, ஈரான் எண்ணெய் ஏற்றும் கப்பல்களுக்குக் காப்பளிக்கலாகாதென்ற ஐரோப்பிய யூனியனின் உத்தரவு அமுலுக்கு வந்தது. உத்தரவு பிறந்தது ஐரோப்பாவில். திகைத்தவர்கள் நமது கப்பல் முதலாளிகள். சென்னையைத் தலைமை ஸ்தலமாகக் கொண்ட யுனைட்டெட் இந்தியா கம்பெனி துணிந்து முன்வந்தது. அதனை நாம் பாராட்டுகிறோம். ஆயினும் எண்ணெய்க் கசிவுக்கு அச்சங்கங்கள் ஏற்கும் வரம்பு 100 கோடி டாலர். இங்கே கிடைத்ததோ 5 கோடி. சுதேசச் சங்கமொன்று வேண்டுமென நாம் கோருவது வீம்புக்காக அன்று. அன்று ஒரு கப்பல் உடைந்திருந்தால், மிச்ச நஷ்டத்தைச் சுமந்திருப்பவன் கரையில் வலை உலர்த்தும் மீனவனன்றோ?